மண்ணின் ஏடுகள்: பல்கலைக் கழகங்களில் தொல்பொருளியல் கல்வி

பழம்பொருள் ஆராய்ச்சி என்றவுடன் பலருடைய நினைவிற்கு வருவன பொற்காசுகளும், புதையல்களும், பண்டை அரசர் அணிந்த அணிகலன்களுமே. ஆனால், பல்கலைக் கழகத்தில் தொல்பொருளியல் கற்கச் செல்லும் மாணவர் முதல் ஆண்டிலேயே வேறொன்றைக் கற்கிறார். கிடைத்த பொருள் யாது என்பது இரண்டாவது வினா. அது எங்கே, எந்த மண்ணில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதே முதல் வினா. கிடைத்த இடம் அறியப்படாத பொற்கிண்ணம் அழகிய பொருளாக இருக்கலாம், சான்றாகாது. இடம் அறியப்பட்ட ஓர் ஓட்டுச் சில்லோ ஒரு நாட்டின் வரலாற்றையே திருத்தி எழுத வல்லது.

இந்த ஒரு கருத்தே அக்கல்வி முழுவதற்கும் அடிப்படை. எழுத்தின் வரலாறு ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே. கல்லை உடைத்துக் கருவியாக்கிய மனித இனத்தின் வரலாறோ 25 இலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. எழுத்தில்லாத அந்த நெடுங்காலத்தைப் பற்றி அறிய ஓலையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. மண் ஒன்றே ஏடு. அந்த ஏட்டைப் படிக்கும் இலக்கணமே தொல்பொருளியல் எனலாம்.

துறை தோன்றிய வரலாறு

தொடக்கத்தில் பழம்பொருள் சேர்த்தல் செல்வர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. அதனை ஓர் ஒழுங்குக்குக் கொண்டு வந்தவருள் முதன்மையானவர் டென்மார்க்கு நாட்டுத் தாம்சன். கோபன்கேகன் நகரப் பொருட்காட்சிச் சாலையில் குவிந்து கிடந்த பழம்பொருள்களைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என மூன்றாகப் பகுத்தார். அந்தப் பகுப்பு 1836 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. வெண்கலப் பொருள்கள் எல்லாம் இரும்புப் பொருள்களுக்கு முந்தியவை என்று அவர் எளிதாகக் கூறிவிடவில்லை. ஒரே கல்லறையில் எவை எவை சேர்ந்து கிடந்தன என்று ஒப்பிட்டே காலங்களைப் பிரித்தார். சேர்க்கையே சான்று என்னும் கருத்து அன்றே வேரூன்றிவிட்டது.

அடுத்த பெருந்திருப்பம் 1859 இல் நிகழ்ந்தது. பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் படுகையில் மறைந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கோடரிகளும் கிடைக்கின்றன என்று பூசே டி பெர்த் பல ஆண்டுகளாகக் கூறிவந்தார், நம்பியவர் சிலரே. அவ்வாண்டு இங்கிலாந்திலிருந்து பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்னும் இருவர் நேரில் சென்றனர். கலைக்கப்படாத சரளை அடுக்கினுள் ஒரு கற்கோடரி பதிந்திருப்பதைக் கண்ணால் கண்டனர். எடுப்பதற்கு முன் அதனைப் புகைப்படமும் எடுப்பித்தனர். கோடரியைக் கையில் வைத்துக் காட்டியபோது தோன்றாத நம்பிக்கை, அது மண்ணிலிருந்த நிலையைக் கண்டபோது தோன்றியது.

அச்செய்தி தமிழகத்தையும் எட்டியது. இந்திய நிலவியல் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் பூட், ஐரோப்பியக் கண்டுபிடிப்புகளை அறிந்து தாமும் தேடலானார். 1863 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அதிராம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியது தமிழ் மண்ணிலேதான்.

பல்கலைக் கழகங்களில் இத்துறை மெல்ல மெல்லவே இடம் பெற்றது. கேம்பிரிட்ஜில் டிஸ்னி பேராசிரியர் பதவி 1851 இல் நிறுவப்பட்டது. இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் 1892 இல் எகிப்தியவியலுக்கு ஏற்பட்ட பதவியைப் பிலிண்டர்ஸ் பெற்றி வகித்தார். 1937 இல் இலண்டனில் தொல்பொருளியலுக்கெனத் தனி நிறுவனமே தோன்றியது. 1939 இல் டிஸ்னி பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட டாரதி கரோட் அம்மையார், கேம்பிரிட்ஜில் பேராசிரியரான முதற் பெண்மணி ஆவார். அவருக்குப் பின் 1952 இல் அப்பதவியேற்ற கிரகாம் கிளார்க், ஐரோப்பாவோடு நில்லாமல் உலக மக்கள் அனைவருடைய முற்காலத்தையும் ஒரே பாடமாகக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். இந்தியாவில் பூனா தக்காணக் கல்லூரியும், மலேசியாவில் பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக் கழகமும் இத்துறையில் பெயர் பெற்றவை.

முதற் பாடம்: மண்ணடுக்கு

மக்கள் வாழும் இடத்தில் தரை நாளடைவில் உயரும். சுவர் இடிந்து விழும், குப்பை சேரும், வெள்ளம் வண்டலைக் கொணரும், அதன்மீது மீண்டும் வீடு எழும். ஆகவே, அடியிலுள்ள அடுக்கு முந்தியது, மேலுள்ள அடுக்கு பிந்தியது என்பது பொது விதி. இவ்வளவுதான் என்றால் இதனைக் கற்க ஆண்டுகள் வேண்டா. அருமை விதியில் இல்லை, விதிவிலக்குகளில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு பழைய ஊரின் மேட்டில் பிற்காலத்தார் கிணறு ஒன்று வெட்டினர் எனக் கொள்க. கிணறு பாழாகித் தூர்ந்து போகிறது. தூர்ந்த மண்ணில், பத்தடி ஆழத்தில், பிற்காலக் காசு ஒன்று கிடக்கிறது. அதே பத்தடி ஆழத்தில், கிணற்றின் சுவருக்கு அப்பால், ஆயிரம் ஆண்டு முந்திய பானை ஓடு கிடக்கிறது. ஆழத்தை மட்டும் அளப்பவர் இரண்டையும் ஒரே காலத்தன என்று எழுதிவிடுவார். மண்ணின் நிறத்தையும் இறுக்கத்தையும் பார்த்துக் கிணற்றின் விளிம்பைக் கண்டறிபவரே உண்மையை அறிவார். எலி வளை, மரவேர், புதைகுழி, கம்பத்திற்குத் தோண்டிய குழி ஆகிய ஒவ்வொன்றும் காலங்களைக் கலந்து வைக்கும். ஆதலின், ஆழம் வேறு, அடுக்கு வேறு என்பதே மாணவர் மனத்தில் ஆழப் பதியவேண்டிய பாடம்.

இப்பாடத்தை இந்தியாவில் வற்புறுத்திக் கற்பித்தவர் மார்ட்டிமர் வீலர். இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக வந்த அவர், 1944 இல் தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார். மறு ஆண்டு புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தார். அங்கு இத்தாலி நாட்டு அரெசோ நகரின் சிவப்பு மட்கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அவ்வகைக் கலங்கள் எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டன என்பது ஐரோப்பிய ஆராய்ச்சியால் முன்பே அறியப்பட்டிருந்தது. அவற்றோடு ஒரே அடுக்கில் உள்நாட்டு ஓடுகளும் கிடந்தன. அதுவரை காலம் அறியப்படாதிருந்த தென்னிந்திய மட்கலங்களுக்கு அதனால் கி.பி. முதல் நூற்றாண்டு என்னும் உறுதியான பிடிப்பு ஏற்பட்டது. அதே வகை ஓடுகள் தென்னாட்டில் வேறிடங்களில் கிடைத்தபோது அவ்விடங்களின் காலத்தையும் கணிக்க முடிந்தது. அரிக்கமேட்டுக் குடியிருப்பு வீலர் கருதியதற்கும் முற்பட்டது என்று பின்வந்த அகழாய்வுகள் காட்டின. எனினும், ஒரே அடுக்கில் கிடந்த சேர்க்கையைக் கொண்டு அவர் தொடங்கி வைத்த முறை இன்றும் நிற்கிறது.

நியா குகை மண்டையோடு

அடுக்கைப் பற்றிய ஐயம் ஒரு பெரிய கண்டுபிடிப்பை எவ்வாறு பல்லாண்டு தடுத்து நிறுத்தும் என்பதற்குச் சரவாக்கிலுள்ள நியா குகை சிறந்த சான்று. சரவாக் பொருட்காட்சிச் சாலையின் காப்பாளரான டாம் ஹாரிசனும் அவர் மனைவி பார்பரா ஹாரிசனும் அக்குகையின் மேற்கு வாயிலில் அகழ்ந்து வந்தனர். 1958 பிப்ரவரியில், ஆழமான ஒரு குழியில் இன்றைய மனித இனத்தைச் சேர்ந்த மண்டையோடு ஒன்று கிடைத்தது. அருகே எடுத்த கரியைச் சோதித்ததில் ஏறத்தாழ 40,000 ஆண்டு என்னும் விடை வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் அத்துணைப் பழமையான மனிதர் உண்டா என்று உலக அறிஞர் வியந்தனர், பலர் ஐயுற்றனர்.

ஐயத்திற்குக் காரணம் இருந்தது. காலம் அறியப்பட்டது கரிக்கே அன்றி மண்டையோட்டிற்கு அன்று. பிற்காலத்தார் ஒருவரைப் புதைப்பதற்காக மேலிருந்து குழி தோண்டியிருந்தால், அந்த மண்டையோடு பழைய கரிக்கு அருகே சென்றிருக்கலாம் அல்லவா? ஹாரிசன் பெரும்பாலும் ஆழ அளவுப்படியே மண்ணை எடுத்தவர். குழியின் விளிம்பு அங்கே இருந்ததா, இல்லையா என்பதற்கு அவர் பதிவுகளில் எளிதில் விடை கிடைக்கவில்லை.

இவ்வையம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2000 முதல் 2003 வரை கிரேம் பார்க்கர் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு நியாவுக்குச் சென்றது. பழைய குழிகளின் சுவர்களைத் துப்புரவு செய்து அடுக்குகளை மீண்டும் படித்தது. ஹாரிசனின் குறிப்பேடுகளை அவற்றோடு ஒப்பிட்டது. மண்ணையும் மகரந்தத் துகள்களையும் எலும்புகளையும் ஆராய்ந்தது. மண்டையோட்டின் எலும்பையே நேராகச் சோதிக்கும் புதிய முறையும் அப்போது கைவந்திருந்தது. முடிவில் அது பிற்காலப் புதைகுழியைச் சார்ந்தது அன்று என்பதும், 35,000 ஆண்டுகளுக்கும் 40,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட பழமையுடையது என்பதும் நிலைநாட்டப்பட்டன. 2024 இல் நியா குகைத் தொகுதி உலக மரபுச் சின்னங்களின் வரிசையிலும் இடம் பெற்றது.

இதிலிருந்து மாணவர் அறிவன இரண்டு. உண்மையான கண்டுபிடிப்பாயினும், சேர்க்கை தெளிவாகப் பதியப்படாவிடில் அது நெடுங்காலம் ஐயத்திலேயே நிற்கும் என்பது ஒன்று. ஹாரிசன் குறிப்பேடுகளை விட்டுச் சென்றதாலும், குகையின் ஒரு பகுதியை அகழாமல் விட்டதாலுமே பின்வந்தோர் அவ்வையத்தைத் தீர்க்க முடிந்தது என்பது மற்றொன்று.

தோண்டுதலும் அழித்தலே

வேதியியல் சோதனையை மீண்டும் செய்து பார்க்கலாம். நூலை மீண்டும் படிக்கலாம். அகழாய்வை மீண்டும் செய்ய முடியாது. படிக்கும்போதே பக்கம் கிழிந்து விடுகின்ற நூல் அது. ஆகவே, பல்கலைக் கழகங்கள் மாணவருக்கு மண்வெட்டியைவிட அளவுகோலையும் எழுதுகோலையும் சிறு கரண்டியையும் முதலில் தருகின்றன. குழியின் சுவரை அளந்து வரைதல், ஒவ்வோர் அடுக்கிற்கும் எண் இடுதல், எடுத்த மண்ணைச் சலித்தல், பொருளைப் பையிலிட்டு இடக்குறிப்பு எழுதுதல் ஆகியவற்றில் விடுமுறைக் காலங்கள் கழியும். எஞ்சிய காலத்தில் எலும்புகளை இனம் பிரித்தல், கரிந்த தானியங்களைக் கண்டறிதல், கல்லை உடைத்துப் பண்டையோர் கருவி செய்த முறையைத் தாமே செய்து பார்த்தல் முதலிய பயிற்சிகள் நடைபெறும்.

இவ்வளவு பொறுமையால் கிடைக்கும் பயன் யாது? பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கு அதற்கு விடை கூறும். 1991 அளவில் பேராசிரியர் சுரைனா மஜித் அம்மையார் தலைமையிலான பல்கலைக் கழகக் குழு, அங்குள்ள குனோங் ருந்தோ குகையில் ஓர் எலும்புக் கூட்டை அகழ்ந்தது. பேராக் மனிதன் என்று பெயர் பெற்ற அவர் வாழ்ந்தது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன். அவருடைய இடக்கை பிறவியிலேயே குறைபாடுற்றிருந்தது. எனினும் நாற்பது வயதைக் கடந்து வாழ்ந்திருந்தார். இறந்தபின் கால்களை மடக்கி, கற்கருவிகளும் சிப்பிகளும் உடன் வைத்து முறையாகப் புதைத்திருந்தனர். ஊனமுற்ற ஒருவரை அவர் கூட்டத்தார் கைவிடவில்லை, மதித்துப் புதைத்தனர் என்பதை எந்த ஏடும் கூறவில்லை. எலும்பும் அதனைச் சுற்றிக் கிடந்தனவுமே கூறின. ஒரு கூடையில் அள்ளிக் கொண்டு வந்திருந்தால் அவை வெறும் எலும்புகளே.

காலத்தை அளத்தல்

1949 இல் வில்லார்டு லிபி என்னும் வேதியியல் அறிஞர் கதிரியக்கக் கரியைக் கொண்டு காலம் அளக்கும் முறையை வெளியிட்டார். அதற்காக 1960 இல் நோபல் பரிசு பெற்றார். உயிர்கள் வாழும்வரை காற்றிலுள்ள ஒருவகைக் கரி அணு அவற்றின் உடலில் சேர்ந்துகொண்டே இருக்கும். இறந்தபின் அது சிறிது சிறிதாகக் குறையும். ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகும். எஞ்சியதை அளந்தால் இறந்த காலம் தெரியும். சுமார் 50,000 ஆண்டு வரையே இம்முறை பயன்படும். அதற்கு அப்பால் வேறு முறைகள் வேண்டும். அதிராம்பாக்கத்தில் 1863 இல் கிடைத்த வகைக் கருவிகள் சராசரி 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்னும் முடிவு 2011 இல்தான் வெளிவந்தது. சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அங்கு அடுக்கடுக்காக அகழ்ந்த பின்னரே அது இயன்றது.

எந்த முறையும் தானே விடை தந்துவிடுவதில்லை. கரிச் சோதனை மரம் இறந்த காலத்தைக் கூறுமேயன்றி, அதை ஒருவர் எரித்த காலத்தைக் கூறாது. முன்னூறு ஆண்டுப் பழைய உத்தரத்தை அடுப்பெரித்தால், அடுப்பு முன்னூறு ஆண்டு முந்தியதாகத் தோன்றும். ஆகவே, சோதனைச் சாலைக்கு அனுப்பிய துண்டு எந்த அடுக்கில் எதனோடு கிடந்தது என்னும் பழைய வினாவே மீண்டும் எழுகிறது.

உலகத்தை ஒப்பிடல்

ஒரு நாட்டின் மண்ணை மட்டும் படித்தவர் அந்நாட்டு வழக்கமே உலக விதி என்று எண்ணிவிடுவார். தாம்சன் வகுத்த மூன்று காலங்கள் டென்மார்க்குக்குப் பொருந்தின. தென்னிந்தியாவிலோ தனி வெண்கலக் காலம் என்று ஒன்று தெளிவாக அமையவில்லை. புதிய கற்காலத்தை அடுத்து இரும்புக் காலமே தொடர்கிறது. பயிர்த்தொழில் மேற்கு ஆசியாவில் தோன்றி உலகெங்கும் பரவியது என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. கோதுமையும் வாற்கோதுமையும் மேற்கு ஆசியாவில், நெல் சீனத்து யாங்சே ஆற்றுப் பகுதியில், மக்காச்சோளம் மெக்சிகோவில் என மக்கள் தனித்தனியே பயிரிடக் கற்றனர். நியூகினியின் மேட்டுநிலத்துக் கூக் சதுப்பில் வாழையும் சேம்பும் மிகப் பழங்காலத்திலேயே பயிராயின.

பயிர்த்தொழில் வந்தபின்னரே ஓய்வும் கோயிலும் கலையும் தோன்றின என்றும் முன்னர்க் கூறுவர். துருக்கியில் கோபெக்லி தெபே என்னும் மேட்டை 1995 முதல் கிளாஸ் ஷ்மிட் அகழ்ந்தார். விலங்குருவங்கள் செதுக்கிய பெரிய கல்தூண்கள் அங்கு வட்டமாக நிற்கின்றன. 11,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவற்றை நாட்டியவர்கள், காட்டு விலங்கையும் காட்டுத் தானியத்தையும் உண்டு வாழ்ந்தவர்கள். சப்பானில் பயிர்த்தொழில் பரவுவதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பே மட்பாண்டம் செய்தனர். மக்கள் ஒரே படிக்கட்டில் ஏறி வந்தவர்கள் அல்லர் என்பதை மாணவர் இவற்றால் உணர்கிறார். முற்பட்ட இனம், பிற்பட்ட இனம் என்ற பேச்சு அவர் வாயில் எளிதில் வாராது.

பெருமையும் சான்றும்

தன் நாடு மிகப் பழமையானது என்னும் விருப்பம் எல்லா மக்களுக்கும் உண்டு. அவ்விருப்பம் அறிவை மயக்கிய கதை ஒன்று எல்லாப் பல்கலைக் கழகங்களிலும் சொல்லப்படும். 1912 இல் இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்னும் ஊரில் கிடைத்ததாகக் கூறிய மண்டையோட்டை, ஆதி மனிதன் தங்கள் நாட்டிலேயே தோன்றினான் என்பதற்குச் சான்றாக அந்நாட்டு அறிஞர் பலர் கொண்டாடினர். 1953 இல் அது பொய் என்று வெளிப்பட்டது. மண்டை மனிதனுடையது, தாடையோ ஒராங் ஊத்தானுடையது, பற்கள் அரத்தால் அராவப்பட்டிருந்தன. நாற்பது ஆண்டு அறிஞரை ஏமாற்றியது கைத்திறன் மட்டும் அன்று. நம்ப வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்தே ஏமாற்றியது.

தமிழருக்கும் இப்பாடம் வேண்டும். கீழடியில் 2014 முதல் அகழாய்வு நடைபெற்று வருகிறது. அங்குள்ள பண்பாடு கி.மு. 6 ஆம் நூற்றாண்டு வரை பின்செல்வதாகத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019 இல் அறிக்கை வெளியிட்டது. அச்செய்தி கேட்டு மகிழ்வது இயல்பு. மகிழ்ச்சியோடு சில வினாக்களும் எழ வேண்டும். காலம் அறியப்பட்ட கரி எந்த அடுக்கில் கிடந்தது? எழுத்துப் பொறித்த ஓடும் அதே அடுக்கைச் சார்ந்ததா? அவ்வடுக்கு பிற்காலக் குழியால் கலைந்ததா, கலையாததா? இவ்வாறு கேட்பவர் தமிழின் தொன்மைக்குப் பகைவர் அல்லர். நியாவின் வழக்கைத் தீர்த்தவர்களும் இவ்வினாக்களைக் கேட்டவர்களே. வினாவைத் தாங்கி நிற்கும் பெருமையே நிலைக்கும். வினாவை அஞ்சும் பெருமை பில்ட்டவுன் வழியே போகும்.

இழந்தால் மீளாது

கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு, தமிழ் மாணவர் கடாரம் என்று அறிந்த நிலப்பகுதி. குவாரிட்ச் வேல்சும் அவர் மனைவியும் அங்குப் பழைய சண்டிகளின் அடிப்பீடங்கள் பலவற்றை 1930களில் அகழ்ந்தனர். புக்கிட் பத்து பகாட் சண்டி 1960 இல் அலஸ்டேர் லாம்பின் முயற்சியால் சீர்செய்யப்பட்டு இன்றும் நிற்கிறது. அதே பள்ளத்தாக்கில் 11 ஆம் எண் இட்ட சண்டி ஒன்றும் இருந்தது. நிலம் திருத்தும் எந்திரம் அதனைத் தரைமட்டமாக்கிவிட்டது என்னும் செய்தி 2013 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. கற்களைத் திரட்டி மீண்டும் அடுக்கலாம். ஆனால் அவை இருந்த அடுக்கையும், அவ்வடுக்கில் இன்னும் படிக்கப்படாதிருந்ததையும் எவராலும் மீட்க இயலாது.

தொல்பொருளியல் கற்கப் பல்கலைக் கழகம் செல்வோர் எந்தத் தலைமுறையிலும் சிலரே. எனினும், அக்கல்வியின் முதற் பாடத்தைக் கற்பிக்கப் பல்கலைக் கழகம் வேண்டுவதில்லை. தோட்டத்திலோ ஆற்றங்கரையிலோ ஒரு பழைய ஓட்டைக் கண்ட சிறுவன் அதை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் ஓடிவருகிறான் எனக் கொள்க. "இது என்ன?" என்று ஆசிரியர் கேட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். "இது எங்கே கிடந்தது? பக்கத்தில் வேறு என்ன இருந்தது? அந்த இடத்தைக் காட்டு, இனி அங்கே எதையும் எடுக்காதே" என்று கூறினால், பல்கலைக் கழகத்தின் முதல் ஆண்டுப் பாடம் அந்தப் பள்ளியிலேயே தொடங்கிவிடும்.